பால் பற்களின் வரிசை பிசகினால் குழந்தையின் அன்றாட வாழ்வு பாதிக்கப்படுமா?

கேள்வி: வணக்கம். இன்னும் விரல் சூப்பும் என் 4 வயது மகள் வாயை மூடினாலும் மேல், கீழ் முன்பற்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை என்பதால், எதையும் கடைவாய்க்குத் தள்ளியே மெல்லுகிறாள். சென்ற வாரம் படம் எடுத்தபோது கையால் வாயை மறைத்துக்கொண்டாள். விழப்போகும் பற்கள்தானே என்று காத்திருக்கலாமா?

மறுமொழி 1: நான் குழந்தைப் பல் மருத்துவம் பயின்றவள். வாயை மூடினாலும் முன்பற்களுக்கிடையே இடைவெளி இருக்கும் இந்நிலைக்கு முன் திறந்த கடி என்று பெயர். நிலைப்பற்கள் முளைக்கத் தொடங்கும் 6 வயதுக்கு முன் பழக்கம் நின்றுவிட்டால், இடைவெளி பெரும்பாலும் தானாகவே குறையும். ஆனால் கடிக்கும்போது தாடை ஒருபுறம் விலகினால் காத்திருக்க வேண்டாம். இப்போதே மருத்துவரிடம் காட்டுங்கள்.

மறுமொழி 2: இவ்வயதில் வலிக்குப் பெரும்பாலும் சொத்தையே காரணம் என்றாலும், பற்கள் அன்றாட வாழ்வைப் பாதிப்பது வலியோடு முடிவதில்லை. சிறு குழந்தைகளுக்கென 2007இல் வெளியான 13 கேள்விகள் கொண்ட அளவுகோல், உண்ணுதல், பேச்சு, உறக்கம் ஆகியவற்றுடன் சிரிக்கத் தயங்குவதையும் பெற்றோரின் மனவருத்தத்தையும் கேட்கிறது. எனவே அந்தக் கை மறைப்பை மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள்.

மறுமொழி 3: என் மகனைக் கண்டித்தபோது போர்வைக்குள் ஒளிந்து சூப்பினான். கண்டிப்பதை விட்டு, உறங்கும்வரை அவன் கையைப் பிடித்துக்கொண்டு கதை சொன்ன பிறகே பழக்கம் மெல்ல மறைந்தது.