சனிக்கிழமை எங்கே?

அண்ணன்: அத்தையையும் மாமாவையும் சனிக்கிழமை எங்கே கூட்டிப்போவது? இன்றே சொல்லுங்கள். ஏழு பேர், பெரிய வண்டி சொல்ல வேண்டும்.

சித்தி: ஸ்கெக்னஸ் பீச்

சித்தப்பா: பீச் பார்க்கவா மதுரையிலிருந்து இங்கிலாந்துக்கு வருகிறார்கள்? ஹார்ட்விக் ஹால் போகலாம். எம்1 மோட்டார்வேயில் 29-வது ஜங்ஷனில் இறங்கினால் பக்கம்தான். முதலாம் எலிசபெத் ராணி காலத்துப் பணக்காரச் சீமாட்டி பெஸ் ஆஃப் ஹார்ட்விக் 1590-ல் ஆரம்பித்து 1597-ல் குடிபோன வீடு. மணற்கல்லும் குன்றுக்குக் கீழே அவர் நிலத்திலேயே வெட்டியது.

சித்தி: நாலு கல்யாணம் செய்தவர்தானே

அண்ணன்: அத்தைக்கு முட்டி வலி. படி நிறையவா?

சித்தப்பா: அதற்கு வருகிறேன். முதலில் வெளியே நின்று ஜன்னல்களைப் பார்க்க வேண்டும். கீழே குட்டை, நடுவில் கொஞ்சம் உயரம், மேல்மாடியில்தான் இருப்பதிலேயே உயரம். ஏனென்றால் கீழே வேலைக்காரர்கள், நடுவில் குடும்பம், உச்சியில் பெரிய விருந்தாளிகளை உட்காரவைக்கிற மண்டபம். உள்ளே போகாமலே யார் எங்கே இருந்தார்கள் என்று சொல்லிவிடலாம்.

அத்தை: அவ்வளவு கண்ணாடி வைத்தால் குளிராதா தம்பி

சித்தப்பா: குளிரும் அக்கா, அதனால்தான் சுவரெல்லாம் கனத்த சித்திரத் திரை. கண்ணாடி அப்போது அநியாய விலை, வசதியைக் காட்டத்தான் இத்தனை ஜன்னல். புகைபோக்கிகளை உள்சுவர்களுக்குள் கொண்டுபோய்விட்டதால் வெளிச்சுவர் முழுக்க ஜன்னலுக்குக் கிடைத்தது. ராபர்ட் ஸ்மித்சன் போட்ட பிளான் என்கிறார்கள். ஆறு கோபுரத்து உச்சியிலும் இ, எஸ் என்று தன் பெயரின் முதலெழுத்துகளைக் கல்லில் நிறுத்தியிருக்கிறார் பெஸ், அதாவது எலிசபெத் ஷ்ரூஸ்பரி.

மாமா: 👍 டிக்கெட் எவ்வளவு

சித்தப்பா: 1959 முதல் பழைய வீடுகளைப் பாதுகாக்கிற நேஷனல் டிரஸ்ட் கையில் இருக்கிறது மாமா, எங்கள் இரண்டு பேருக்கும் அதன் உறுப்பினர் கார்டு இருக்கிறது, மற்றவர்களுக்குப் பார்த்துச் சொல்கிறேன். வாரிசு வரிக்குப் பதிலாக வீட்டையே அரசாங்கத்திடம் கொடுத்தார்கள், அதனால் வீடு பிழைத்தது.

அத்தை: நம் வீட்டு வாசல் நிலையில் அம்மா பெயரும் செதுக்கியிருந்தது. தேக்கு நிலை. அதை யார் விற்றது?

சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்தி: புளியோதரையா தயிர்சாதமா

அண்ணன்: இரண்டும். அப்பளம் வேண்டாம், வண்டியெல்லாம் தூளாகும்.

மாமா: மோர்மிளகாய்

அண்ணன்: சித்தப்பா, படி??

சித்தப்பா: கல் படிக்கட்டு, நல்ல அகலம், வளைந்து வளைந்து உச்சி வரை போகும். அவசரப்படாமல் கைபிடித்து ஏற்றிவிடலாம். மேலே வண்ணச் சுதையில் காடு, வேட்டை, மான் எல்லாம் சுவரைச் சுற்றி ஓடும். அதைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. ஏற முடியாதவர்கள் பக்கத்திலேயே கூரை இல்லாமல் நிற்கிற அவருடைய பழைய வீட்டைப் பார்க்கலாம்.

மாமா: நான் பழைய வீடு

அத்தை: நான் உச்சி வரை ஏறுவேன். நிலை விஷயத்தை அங்கே பேசலாம் தம்பி.

அண்ணன்: அப்படியென்றால் வண்டி சொல்லிவிடவா?

சித்தி: மழை என்று போட்டிருக்கிறது. ஸ்கெக்னஸில் வெயிலாம்.