வியாசர்பாடிச் சுவரில் பறையும் கானாவும்

வடசென்னையில் எங்கள் வியாசர்பாடித் தெருமுனைச் சுவரில் பிள்ளைகளோடு சேர்ந்து ஓவியம் வரைந்த அனுபவத்தைச் சொல்கிறேன். இந்தப் பகுதியின் இசையைச் சுவர் முழுக்க வரைய வேண்டும், பாடுவதும் வாசிப்பதும் குழந்தைகளாகவே இருக்க வேண்டும். அவ்வளவுதான் திட்டம். 2020இல் கண்ணகி நகர் குடியிருப்புச் சுவர்களில் வரைந்த பெரிய ஓவியங்களைப் பார்த்ததிலிருந்தே இந்த ஆசை.

சென்னை 2017இல் யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்கள் பட்டியலில் இசைக்காக இடம்பெற்றது. "நம்ம ஊர் இசையை வரைங்க" என்று காகிதம் கொடுத்தால் பிள்ளைகள் வீணையும் தம்புராவும் வரைந்தார்கள். அந்தக் கர்நாடக இசை மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. வீணை தனம்மாள் வாழ்ந்த ஜார்ஜ் டவுன் எங்களுக்கு எட்டும் தூரம்தான். ஆனால் இவர்கள் காது தினமும் கேட்பது வேறு. "சரி, உங்க தெருவுல யார் பாடுவாங்க, எதைத் தட்டுவாங்க?" என்று கேட்டேன். அப்புறம்தான் டோலக் வந்தது, தீப்பெட்டி வந்தது, சாவு வீட்டில் விடிய விடிய கானா பாடும் மாமா வந்தார். ஆடியில் கூழ் ஊற்றும்போது அடிக்கும் பம்பையும் பறையும் வந்தன.

சுவர் வேலை பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். வடகிழக்கு மழை முடிந்து, சுவரின் ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு தை மாதத்தில் ஆரம்பித்தோம். உப்புப் பூத்த இடங்களைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, பிரைமர் அடித்து, சாக்பீஸால் கட்டம் போட்டு படத்தைப் பெரிதாக்கினோம். பிள்ளைகளுக்குக் கை எட்டும் உயரம் வரை அவர்களுடையது, சாரத்தில் பெரியவர்கள் மட்டும்.

பறையின் கோடு விழுந்த அன்று ஒரு அம்மா வந்து, "சாவுக்கு அடிக்கிறதை ஏன் புள்ளைங்க கையில குடுக்கிறீங்க?" என்று கேட்டார். கோபமாக இல்லை, வருத்தமாகத்தான் கேட்டார். அந்த வருத்தத்துக்குப் பின்னால் எத்தனை தலைமுறை அவமானம் இருக்கிறது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். எதிர்வீட்டுத் தாத்தா, பல வருஷம் பறை அடித்தவர், திண்ணையிலிருந்து எழுந்து வந்தார். "சாவுக்கு ஒரு அடி, கல்யாணத்துக்கு ஒரு அடி, சாமிக்கு ஒரு அடிம்மா" என்றவர், உள்ளே போய்ப் பறையை எடுத்துவந்து, காகிதத்தைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, கல்யாண அடியை அடித்தார். தெருவே ஆடியது. அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் தன் மகளை வண்ணம் தீட்ட அனுப்பிவைத்தார்.

தாத்தா அத்தோடு விடவில்லை. படத்தில் இரண்டு குச்சியும் ஒரே மாதிரி இருப்பதைக் காட்டி, இடது கையில் மெல்லிய நீளமான சிண்டுக் குச்சி, வலது கையில் தடித்த அடிக்குச்சி, பறை இடது தோளிலிருந்து தொங்க வேண்டும் என்று பிள்ளைகளை நிற்கவைத்தே சொல்லிக்கொடுத்தார். அழித்துவிட்டு மறுபடி வரைந்தார்கள். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அந்தத் திருத்தம்தான். எந்தப் புத்தகத்தைப் பார்த்து வரைந்திருந்தாலும் அந்தத் தோள் சாய்வு வந்திருக்காது.

நீங்களும் வரைவதாக இருந்தால், பெயிண்ட் வாங்கும் முன்பே தெருவில் இப்படிப்பட்டவர்களைத் தேடிப் பேசிவிடுங்கள். அடுத்து, பக்கத்துச் சந்துச் சுவருக்கு அனுமதி கேட்டிருக்கிறோம். ஒப்பாரி பாடும் ஆயாக்களைப் பேரப்பிள்ளைகளோடு வரையலாம் என்று பேச்சு. கிடைத்தால் மழை விட்டதும் ஆரம்பிப்போம், கை கொடுக்க வருகிறவர்கள் வாருங்கள்.