ஹைட்டி மக்களிடையே பத்து நாள் ஊழியப் பயணம்: போகலாமா, போனால் என்ன செய்வது?

வாலிபர் சங்கச் செயலாளர், தக்கலை

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையிலிருந்து மியாமிக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தார், அங்குள்ள தங்கள் சபையினர் ஆண்டுதோறும் ஹைட்டியோடு ஒரே கரீபியன் தீவில் இருக்கும் டொமினிக்கன் குடியரசில் ஹைட்டி வம்சாவளிக் கரும்புத் தொழிலாளர் வாழும் குடியிருப்புகளுக்குச் சென்று பத்து நாள் ஊழியம் செய்துவருவதாகவும், அடுத்த முறை எங்கள் சங்கத்திலிருந்து எட்டுப் பேரைச் சேர்த்துக்கொள்ள விரும்புவதாகவும் எழுதியிருக்கிறார்கள். எட்டுப் பேரில் இருவர் செவிலியர், ஒருவர் கொத்தனார், மற்றவர்கள் கல்லூரி மாணவர்கள். விடுமுறை வேதாகமப் பள்ளி, பள்ளிக்கூடத்துக்கு வர்ணம் அடிப்பது, அரிசியும் துணிமணியும் வழங்குவது, இரண்டு நாள் மருத்துவ முகாம், ஓர் அனாதை இல்லத்தில் ஒரு நாள் என்று அவர்கள் ஒரு திட்டம் அனுப்பியுள்ளார்கள். முடிந்தால் எல்லை தாண்டி ஹைட்டிக்குள்ளும் ஒரு நாள் போய்வர வேண்டும் என்பது எங்கள் வாலிபர் சிலருடைய ஆசை.

சபைக் கமிட்டியில் இரண்டு பட்சமாகப் பேச்சு நடக்கிறது. விமானக் கட்டணத்தை மட்டும் சேர்த்தாலே இங்கே ஒரு விதவைக்கு வீடு கட்டிக் கொடுத்துவிடலாமே என்று மூப்பர் ஒருவர் கேட்டார். அதற்கு நேரான பதில் எங்களிடம் இல்லை. இப்படிப்பட்ட பயணங்களை அறிந்தவர்கள், போவது தகுமா, போனால் எதைச் செய்யலாம், சபை நிதியிலிருந்து செலவழிக்கலாமா என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

கப்பல் பணியாளர், மணவாளக்குறிச்சி

சகோதரரே, எல்லை தாண்டும் ஆசையை இன்றைக்கே விட்டுவிடச் சொல்லுங்கள். ஹைட்டியின் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்சின் பெரும்பகுதி ஆயுதக் கும்பல்களின் கையில் இருக்கிறது. 2021 அக்டோபரில், ஓர் அனாதை இல்லத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த மிஷனெரிக் குழுவினர் 17 பேரை, குழந்தைகள் உட்பட, கடத்திக்கொண்டு போனார்கள். அவர்களில் கடைசியாக எஞ்சியவர்கள் டிசம்பரில்தான் வெளியே வந்தார்கள். ஹைட்டியில் நம் நாட்டுக்குத் தூதரகம் கிடையாது. 2024 மார்ச்சில் நிலைமை முற்றியபோது, 'ஆபரேஷன் இந்திராவதி' என்று பெயரிட்டு இந்தியர் 12 பேரை டொமினிக்கன் குடியரசுக்கு வெளியேற்ற வேண்டியதாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் பயணிகள் விமானங்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்ததால், அமெரிக்கா தன் விமானங்கள் அந்நகருக்குச் செல்வதைத் தடை செய்தது.

இன்னொன்று: மியாமி வழியாகப் போவதானால் விமானம் மாறுவதற்குக்கூட அமெரிக்க விசா வேண்டும். வாலிபர்களுக்கு அது கிடைப்பது எளிதன்று. பயணச்சீட்டு வாங்குவதற்கு முன் இதை முடித்துக்கொள்ளுங்கள்.

கடற்கரைத் துறவி

தம்பி, நான் நம் மாவட்டத்துக் கடற்கரைக் கிராமத்தில் பிறந்து, துறவற சபையின் சார்பில் டொமினிக்கன் குடியரசின் சான் பெத்ரோ தெ மக்கோரீஸ் பகுதியில் பணியாற்றியவள். நீங்கள் சொல்லும் குடியிருப்புகளை அங்கே 'பத்தேய்' என்பார்கள். நம் தோட்டங்களில் உள்ள லயங்களைப் போலவே நீண்ட கட்டடம், ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, மேலே தகரம், சுற்றிலும் கரும்பு. கரும்பு வெட்டுவதற்காகக் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே ஹைட்டியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். இன்று அங்கே இருப்பவர்களில் பலர் அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள், ஹைட்டியைக் கண்ணால் கண்டிராதவர்கள். அப்படியிருந்தும் 2013 செப்டம்பரில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம், ஆவணமற்ற அயல்நாட்டுப் பெற்றோருக்கு 1929 முதல் பிறந்தவர்கள் குடிமக்கள் ஆக மாட்டார்கள் என்று தீர்ப்பளித்தது. மறு ஆண்டு வந்த சட்டம் சிலருக்கு வழி திறந்தது, பலருக்குத் திறக்கவில்லை. கீரிப்பாறைப் பக்கம் அரசு ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களின் பெரியவர்களிடம் உங்கள் வாலிபர்கள் ஒரு மாலை உட்கார்ந்து பேசட்டும். 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்ட கதையைக் கேட்டவர்களுக்குப் பத்தேயை நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு தாய் எங்களிடம் பிளாஸ்டிக் உறை ஒன்றைக் கொண்டுவந்து பிரித்துக் காட்டினார். மருத்துவமனையில் கொடுத்த பிறப்புச் சீட்டு, மகளுடைய ஞானஸ்நானச் சான்று, இறந்துபோன கணவருக்குக் கரும்பாலை வழங்கிய அட்டை. அவ்வளவுதான் அந்தக் குடும்பத்தின் ஆவணங்கள்; மகளைப் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவைக்க அவை போதவில்லை. 2024 அக்டோபரில் வாரத்துக்கு 10,000 பேர் வரை நாடு கடத்தப்போவதாக அரசு அறிவித்தது. 2025 ஏப்ரல் முதல் அரசு மருத்துவமனைகளிலேயே ஆவணம் கேட்கிறார்கள். பிரசவத்துக்கு வந்த பெண்களைக்கூடச் சிகிச்சை முடிந்ததும் எல்லைக்கு அனுப்புகிறார்கள். ஆகவே உங்கள் குழுவில் யாரும் முகம் தெரியும்படியோ ஊர்ப் பெயரோடோ முகநூலில் படம் போடக் கூடாது என்பதை எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். 'ஹைட்டி ஏழைகளுக்கு உதவினோம்' என்று நீங்கள் போடும் ஒரு படம் குடிநுழைவு அதிகாரிக்குத் துப்பாகிவிடலாம்.

அனாதை இல்ல நாளைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஹைட்டியிலே இத்தகைய இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமையால் விட்டுச் சென்றவர்கள். வெளிநாட்டார் வருகையும் காணிக்கையும் பெருகப் பெருக, பிள்ளைகளை நிரப்பி வைக்கும் ஆசையும் பெருகும். 2010 ஜனவரி நிலநடுக்கத்தையடுத்து 33 பிள்ளைகளை எல்லை கடத்த முயன்ற அமெரிக்கச் சபைக் குழுவினர் கைதானார்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் பெற்றோர் இருந்தார்கள்.

வேதாகமப் பள்ளியை அங்குள்ள போதகரும் வாலிபரும் ஹைட்டி மக்கள் பேசும் கிரியோல் மொழியில் நடத்தட்டும். நீங்கள் நாற்காலி தூக்குங்கள், சமையலுக்கு நில்லுங்கள். வர்ணம் அடிக்க அந்த ஊரிலேயே வேலையில்லாத இளைஞர்கள் இருக்கிறார்கள். கூலியை அவர்களுக்குக் கொடுத்தால் சுவரும் நன்றாக வரும். உங்கள் கொத்தனார் தம்பி உண்மையில் தேவைப்படுபவர்: ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம், அதற்கு முன் தகரக் கூரைகளை இறுக்கிக் கட்டவும் கழிப்பறை எழுப்பவும் உள்ளூர்க் கொத்தனாரோடு கூட நின்று வேலை செய்யலாம். எதைச் செய்தாலும் அந்தப் போதகர் கேட்டதாக இருக்க வேண்டும். மியாமியிலிருந்து வந்த திட்டத்தில் அவர் பெயர் எங்காவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

செவிலியர், நெய்யூர்

செயலாளர் அவர்களுக்கு வணக்கம். மருத்துவ முகாமைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சகோதரி சொன்னபடி மருத்துவமனைக்குப் போகவே மக்கள் அஞ்சும் இடத்தில் முகாமுக்கு மதிப்பு உண்டு. ஆனால் இரத்த அழுத்தம் 180 இருப்பவருக்கு முப்பது மாத்திரை கொடுத்துவிட்டு நாம் விமானம் ஏறினால், முப்பத்தோராம் நாள் அவர் என்ன செய்வார்? ஆண்டு முழுவதும் அங்கே வரும் உள்ளூர் மருத்துவர் அல்லது செவிலியரின் பெயரில் முகாம் நடக்க வேண்டும். பதிவேடு அவரிடமே இருக்க வேண்டும். மருந்து அந்நாட்டிலேயே வாங்கியதாக இருந்தால்தான் தீரும்போது அதே மாத்திரை மறுபடி கிடைக்கும். நம் பதிவு அந்நாட்டில் செல்லாது; அனுமதியில்லாமல் ஊசி போட்டால் சிக்கல் நமக்கு மட்டும் வராது, அழைத்த போதகருக்கும் வரும்.

குடிநீரில் கவனமாயிருங்கள். 2010 அக்டோபரில் ஹைட்டியில் பரவிய காலரா, ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்ததால் வந்தது. பத்தாயிரம் பேரளவில் இறந்தார்கள், ஐ.நா. தலைமைச் செயலாளர் மன்னிப்புக் கேட்க 2016 ஆயிற்று. உதவ வந்தவர்களால் வந்த நோய் அது. உங்களில் யாருக்காவது வயிற்றுப்போக்கு இருந்தால் சமையலறைப் பக்கம் விடாதீர்கள்.

குறுகிய பயணமே வீண் என்று நான் சொல்ல மாட்டேன். 1922இல் எவரெஸ்ட் ஏறப்போன டாக்டர் சாமர்வெல், திரும்பும் வழியில் எங்கள் நெய்யூர் மருத்துவமனையைப் பார்க்க வந்தவர்தான். வராந்தாவில் காத்திருந்த கூட்டத்தையும் ஒற்றை அறுவை மருத்துவரையும் கண்டு, பிறகு இங்கேயே வந்து நீண்ட காலம் பணி செய்தார். எட்டுப் பேரில் ஒருவராவது அப்படித் தொடர்பை விடாமல் இருப்பாரா என்று பார்த்து ஆளைத் தேர்ந்தெடுங்கள்.

குளச்சல்காரன்

துணி மூட்டையை மட்டும் கொண்டுபோகாதீர்கள், ஐயா. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் நாங்கள் வாங்கும் பக்கத்தில் நின்றவர்கள். வள்ளமும் வலையும் கேட்டுக்கொண்டிருந்தோம்; லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. பொத்தான் இல்லாத சட்டைகளும் கம்பளிக் கோட்டுகளும் சாலையோரம் மழையில் நனைந்து கிடந்தன. கொண்டுவந்தவர்கள் நல்லவர்கள்தாம், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அரிசியும் அப்படியே. ஹைட்டியில் ஆர்ட்டிபோனைட் பள்ளத்தாக்கு நெல் விளையும் பூமி. 1995இல் இறக்குமதி வரியை 3 சதவீதமாகக் குறைத்தபின் அமெரிக்க அரிசி வந்து குவிந்தது. உள்ளூர் உழவர் நொடித்துப் போனார்கள். தம் காலத்தில் நடந்த இந்தக் கொள்கை பிழையானது என்று முன்னாள் அமெரிக்க அதிபர் கிளின்டனே 2010இல் அமெரிக்க செனட் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. அரிசி கொடுத்தே ஆக வேண்டுமென்றால் அந்தப் பத்தேயிலுள்ள சிறு கடையில் பணத்தைக் கட்டி, அவரவர் பற்றுக் கணக்கில் கழிக்கச் சொல்லுங்கள். பெயரும் வெளியே தெரியாது, கடைக்காரரும் பிழைப்பார்.

மூப்பர் கேட்டதும் நியாயமே. ஆனால் பயணத்துக்காகச் சேர்ந்த காணிக்கை, பயணம் நின்றால் அந்த விதவை வீட்டுக்குப் போகும் என்று யாரும் உறுதி தரவில்லை. இரண்டுக்கும் சேர்த்தே வசூலியுங்கள்.

தணிக்கையாளர், நாகர்கோவில்

வருமான வரி விலக்குப் பெற்ற அறக்கட்டளையின் கீழ் உங்கள் சபை இயங்கினால், மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் அனுமதியின்றி இந்தியாவுக்கு வெளியே செலவிடும் தொகைக்கு அந்த விலக்குப் பொருந்தாது. ஆகவே சபைக் கணக்கைத் தொடாதீர்கள். தனிநபர்கள் ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின்படி ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை பயணத்துக்கும் நன்கொடைக்கும் தங்கள் சொந்தக் கணக்கிலிருந்து அனுப்பலாம். பான் எண் கட்டாயம். ரொக்கமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய் அங்கே கொடுப்பது எந்த வகையிலும் வேண்டாம்.

வாலிபர் சங்கச் செயலாளர், தக்கலை

அனைவருக்கும் நன்றி. இந்தப் பதில்களை நேற்றுக் கமிட்டியில் வாசித்தோம். துணி மூட்டை, அனாதை இல்லம், ஹைட்டிப் பயணம் ஆகிய மூன்றும் நீக்கப்பட்டன. எட்டுப் பேருக்குப் பதிலாகச் செவிலியர் இருவரும் கொத்தனாரும் ஒரு மாணவரும் மட்டும் போவது, அதுவும் அங்குள்ள போதகர் அழைத்தால் மட்டும் என்று முடிவாயிற்று. மியாமிக்காரர்கள் அனுப்பிய திட்டத்தில் அவர் பெயர் இல்லை, கேட்டு எழுதியிருக்கிறோம். மாணவர்கள் கீரிப்பாறைக்கு வரும் சனிக்கிழமை போகிறார்கள். மூப்பர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்கான வசூலை அவர் பொறுப்பிலேயே விட்டிருக்கிறோம்.

நெய்யூர் சகோதரிக்கு ஒரு வேண்டுகோள்: பதிவேட்டில் என்னென்ன விவரம் இருக்க வேண்டும் என்று ஒரு மாதிரித் தாள் அனுப்ப முடியுமா? நோயாளியின் முகவரியைப் பதிவேட்டில் எழுதலாமா கூடாதா என்பதில் எங்கள் செவிலியர் இருவருக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது.