ஹாரோஹள்ளி டைக்: 82 கோடியா, 119 கோடியா?

கருங்கல்:
பெங்களூருக்குத் தெற்கே ஹாரோஹள்ளி பக்கம் சில ஆல்கலைன் (சோடியம், பொட்டாசியம் மிகுந்த) டைக்குகள் இருக்கின்றன. நைஸ் என்ற பழைய உருமாறிய பாறையின் பிளவுகளில் பாறைக்குழம்பு ஏறி இறுகியவை. 1970களில், ருபிடியம் சிதைந்து ஸ்ட்ரான்சியமாவதை அளக்கும் ருபிடியம்-ஸ்ட்ரான்சியம் முறையில் இவற்றின் வயது சுமார் 82 கோடி ஆண்டு என்றார்கள். 2008இல் பாறையிலுள்ள சிர்க்கான் என்ற கனிமத்தை வைத்து, யுரேனியம் ஈயமாவதை அளக்கும் யுரேனியம்-ஈயம் முறையில் பார்த்தால் 119 கோடி! இத்தனை பெரிய வித்தியாசத்தை வைத்துக்கொண்டு கதிரியக்கக் காலக்கணிப்பை எப்படி நம்புவது?

வெண்மதி:
முறையைக் குறை சொல்வதற்கு முன் எதை அளந்தார்கள் என்று பாருங்கள் சார். சூடான நீர் பாறைக்குள் புகுந்தாலே ருபிடியமும் ஸ்ட்ரான்சியமும் இடம் மாறிவிடும். அப்புறம் கிடைக்கும் எண், குழம்பு இறுகிய காலத்தைச் சொல்லாது. சிர்க்கான் அப்படியில்லை. படிகமாகும்போதே யுரேனியத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும், ஈயத்தை ஒதுக்கிவிடும். அதனால் இப்போது அதில் இருக்கும் ஈயம் ஏறக்குறைய எல்லாமே யுரேனியம் சிதைந்து வந்தது.

கருங்கல்:
அவ்வளவு உறுதியான கனிமம் என்றால் அதுவே சிக்கல். குழம்பு மேலேறும் வழியில் நைஸிலிருந்து பழைய சிர்க்கானை அள்ளி வந்திருக்கலாமே?

வெண்மதி:
வரலாம், கிரானைட்டுகளில் அடிக்கடி நடப்பதுதான். ஆனால் அப்படி வந்திருந்தால் சுற்றியுள்ள நைஸைப் போல 250 கோடிக்கு மேல் காட்டியிருக்கும். இன்னொன்று, யுரேனியம் 238இன் அரைவாழ்வு (பாதி சிதைய ஆகும் காலம்) சுமார் 447 கோடி ஆண்டு, 235இன் அரைவாழ்வு சுமார் 70 கோடி. ஒரே படிகத்தில் இரண்டும் தனித்தனிக் கடிகாரங்களாக ஓடுகின்றன. ஈயம் கசிந்திருந்தால் இரண்டு வயதும் ஒத்துப்போகாது.

மலைக்காட்டான்:
இருவரும் ஆய்வகத்தை விட்டு வெளியே வாருங்கள். டைக்கின் ஓரம் நுண்மணியாக, சட்டென்று குளிர்ந்த தடயத்தோடு இருக்கும்; நடுவில் மணிகள் பெரிதாக இருக்கும். நைஸுக்குப் பிறகு வந்தது என்பது அதிலேயே தெரிகிறது. ஆண்டுக் கணக்கை அது தராது, சரி. ஆனால் மாதிரி எடுப்பவர் பழுப்பேறிய மேற்பரப்பைத் தட்டி எடுத்தாரா, குவாரியில் புதிதாக உடைந்த கல்லை எடுத்தாரா? பாதித் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது.

கருங்கல்:
அதைத்தான் நானும் கேட்கிறேன். அந்த 82 கோடியை, பாறையில் பதிந்திருக்கும் பழைய காந்தத் திசைத் தரவோடு சேர்த்து, ரொடினியா என்ற பழங்காலப் பெருங்கண்டத்தில் இந்தியா எங்கே இருந்தது என்று வரைபடமே போட்டார்கள். இரண்டு முறைகள் ஒத்துப்போகும் வரை எந்த எண்ணையும் வயது என்று அச்சிடக்கூடாது.

வெண்மதி:
இதை ஏற்க மாட்டேன். அதே வட்டாரத்தில் கிழக்கு மேற்காக ஓடும் டைக்குகளுக்குப் பேடலியைட் என்ற சிர்க்கோனியம் ஆக்சைடு கனிமத்தை வைத்து 237 கோடி என்று கண்டார்கள். பேடலியைட் சிலிக்கா மிகுந்த குழம்பில் சிர்க்கானாக மாறிவிடும். நைஸோ சிலிக்கா மிகுந்தது. அதனால் நைஸிலிருந்து பேடலியைட் ஒட்டிக்கொண்டு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. இதற்கு இரண்டாவது முறை எதற்கு?

கருங்கல்:
பேடலியைட்டோ சிர்க்கானோ கிடைக்காத டைக் என்றால்?

வெண்மதி:
வயது தெரியவில்லை என்று எழுதுவேன். அந்த இடத்தை நிரப்ப ஒரு ருபிடியம் எண்ணைப் போட மாட்டேன்.