பதிவு முடித்த கையோடு சட்ட உதவிக்குப் போகலாமா? (காரைக்குடி)

புதுவயல்: பார் கவுன்சிலில் இப்போதுதான் பதிவு முடிந்தது. இலவச சட்ட உதவி தரும் காரைக்குடி வட்ட சட்டப் பணிகள் குழுவில் தொண்டாகச் சேர்வதா, சீனியரிடம் சில வருடம் இருந்துவிட்டுப் போவதா?

செக்காலைக்காரன்: சீனியரிடம் போங்க தம்பி. ஏழை வழக்கு என்ன, கை பழகும் இடமா? நல்சாவின் (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) 2010 ஒழுங்குமுறையே 3 வருட அனுபவம் இல்லாதவரைப் பொதுவாகக் குழு வக்கீலாக, அதாவது சட்ட உதவி வழக்கு நடத்தும் பட்டியலில், எடுப்பதில்லை. தூக்குத் தண்டனை விழுந்த அனோகிலால் வழக்கில் அவருக்குச் சட்ட உதவி வக்கீலை அமர்த்திய அன்றைக்கே கோர்ட்டில் குற்றச்சாட்டை முறைப்படி பதிவு செய்துவிட்டார்கள். 2019-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. ஆயுளோ தூக்கோ விழக்கூடிய வழக்குக்கு 10 வருடம் தொழில் செய்தவர் வேண்டும், தயாராகக் குறைந்தது 7 நாள் வேண்டும் என்றும் சொன்னது.

தேவகோட்டை ரஸ்தா: அண்ணே, கொலை வழக்கை அவர் கையில் யார் கொடுக்கப் போகிறார்கள்? குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு வாதாட முழுநேர வக்கீல் வைக்கும் தற்காப்பு வக்கீல் திட்டம் 2022-இல் வந்தது, அதில் உதவி வக்கீலுக்கு 0 முதல் 3 வருட அனுபவம் போதும். (அதில் சேர்ந்தால் சொந்த வழக்கு எடுக்க முடியாது, புதுவயல் யோசித்துக்கொள்ளுங்கள்.) தொண்டாகப் போகிறவருக்கு ஃபிரண்ட் ஆபீஸில் (உதவி கேட்டு வருபவர் முதலில் வரும் இடம்) மனு எழுதவும் பத்திரம் சரிபார்க்கவுமே வேலை மிச்சம் இருக்கும்.

செக்காலைக்காரன்: மனுவிலேயே கெடுப்பார்கள். பெண் ஒருவர் வந்தால் "வருமானச் சான்று வாங்கிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவது முதல் கோளாறு. சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் பெண்களுக்கு வருமான வரம்பே இல்லை. காவலில் இருப்பவருக்கும் இல்லை. பெரிய வீட்டில் பங்கு கேட்டு வருகிற ஆச்சிக்கும் அதே உரிமைதான், நமக்குப் பிடிக்கிறதோ இல்லையோ.

கடியாபட்டி: எங்கள் பக்கத்துச் சிக்கல் எல்லை. செட்டிநாடு ஒன்று, மாவட்டம் இரண்டு. காரைக்குடியில் வாழ்க்கைப்பட்ட பெண் கடியாபட்டியில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார் என்று வையுங்கள். ஜீவனாம்ச மனுவைக் கணவர் இருக்கும் காரைக்குடியிலும் போடலாம், இவர் இருக்கும் கடியாபட்டிக்கு உரிய திருமயம் கோர்ட்டிலும் போடலாம். ஜூனியர் தன் வசதிக்குக் காரைக்குடியில் போட்டால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்தம்மா பஸ் ஏற வேண்டும். எங்கே போட என்று அவரைக் கேட்டாலே போதும், பலர் கேட்பதில்லை.

அடுத்தது, உச்ச நீதிமன்றத்தின் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புப்படி (2020) சொத்து, கடன் விவரப் பிரமாணப் பத்திரம் கட்டாயம். அது இல்லாமல் போனால் இடைக்கால ஜீவனாம்சம் நகராது. ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்து கணக்காகும். ஆக, மேசையில் தூங்கும் ஒவ்வொரு வாரமும் அவருடைய பணம். உத்தரவு வாங்கியதோடு வேலையும் முடியாது. பாக்கி விழுந்தால் அது சேர வேண்டிய நாளிலிருந்து 1 வருடத்துக்குள் வசூல் மனு போட வேண்டும், தாண்டினால் அந்த வழியில் பிடிக்க வாரண்ட் கிடைக்காது. புதியவர் ஒரு நோட்டில் தேதி குறித்து வைத்தாலே இதில் பாதி தவறு நடக்காது. சீனியர்களுக்குத்தான் அதற்கு நேரமில்லை!

தேவகோட்டை ரஸ்தா: அதைத்தான் நானும் சொல்கிறேன்.

செக்காலைக்காரன்: நோட்டுப் போடட்டும், ஒப்புக்கொள்கிறேன். ரிமாண்டுக்கு (கைதானவரைக் காவலில் வைக்கக் கோர்ட்டில் நிறுத்துவது) மட்டும் தனியாக அனுப்பாதீர்கள். குற்றத்தைப் பொறுத்து 60 நாளோ 90 நாளோ கடந்து குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமை உண்டு. அந்தக் கணக்கில் ரிமாண்ட் செய்த நாளும் சேரும், 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. ஒரு நாள் தப்பாக எண்ணி மனு போடாமல் இருந்து, அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போச்சு. லோக் அதாலத்திலும் (சமரசமாக முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) அப்படித்தான். சட்டப் பணிகள் சட்டத்தின் 21ஆம் பிரிவில் அங்கே எட்டும் தீர்வுக்கு அப்பீல் கிடையாது. கோர்ட் கட்டணம் திரும்பும் என்ற ஆசை காட்டிக் கையெழுத்து வாங்கும் ஜூனியர் ஆபத்தானவர்.

தேவகோட்டை ரஸ்தா: ஆபத்து அனுபவக்காரரிடமும் உண்டு அண்ணே. சட்ட உதவி வழக்கில் கட்சிக்காரரிடம் ஒரு ரூபாய் கேட்கக் கூடாது என்பது விதி. "டைப்பிங் செலவு" என்று ஆரம்பிப்பவர்கள் ஜூனியர்கள் இல்லை.

புதுவயல்: சீனியரிடமும் இருந்துகொண்டு வாரம் ஒரு நாள் போகலாமா?

செக்காலைக்காரன்: போங்க. வக்காலத்தில் உங்கள் பெயர் வேண்டாம், சீனியரிடம் காட்டாமல் எந்த மனுவும் போக வேண்டாம். எதிர்த்தரப்பு உங்கள் சீனியரின் கட்சிக்காரரா என்று முதலில் பாருங்கள். காரைக்குடி சின்ன ஊர்.