அடிப்பூச்சா, அடியோவியமா?

> ஓவியத்தில் அண்டர்பெயின்டிங் என்பதற்கு "அடிப்பூச்சு" என்று ஒரு சொல் இருக்கிறதே தம்பி. இன்னொன்று எதற்கு?

வணக்கம் அக்கா,

போன மாதம் நடந்த கூத்தைக் கேளுங்கள். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமைதோறும் தோட்டத்துப் பிள்ளைகள் சிலருக்கு எண்ணெய் ஓவியம் சொல்லித்தருகிறேன். "அடுத்த வாரம் புலிக்கு அடிப்பூச்சு போட்டுக்கொண்டு வாங்க" என்றேன். ஏழு பேரும் வெள்ளை அடித்த கேன்வாசோடு வந்து நின்றார்கள். புலியைக் காணோம். அவர்கள் மேல் தப்பில்லை. லயத்து வீட்டுக்குச் சாயம் அடிக்கிறவர் முதல் கோட்டைத்தான் அடிப்பூச்சு என்கிறார்.

நான் கேட்டது அண்டர்பெயின்டிங். அம்பர் பழுப்பை டர்பன்டைனில் கரைத்து, அந்த ஒரே நிறத்தில் விலங்கின் ஒளியையும் நிழலையும் தீர்மானித்துவிடுகிற படம் அது. கண்குழி எங்கே, தாடைக்கடியில் எவ்வளவு இருட்டு, எல்லாம் அங்கேயே முடிவாகிவிட வேண்டும். எண்ணெய் குறைவு என்பதால் சீக்கிரம் காயும். மேலே போகப் போக எண்ணெய் கூடலாம். தலைகீழாகச் செய்தால் பின்னாளில் வெடிப்பு விடும்.

"அடிவண்ணம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். புலியின் நிறமே வராத கட்டத்துக்கு வண்ணம் என்று பெயரா? "அடித்தீட்டு" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பாட்டி காதில் விழுந்தால் யாருக்குத் தீட்டு என்பார். சங்கப் பாட்டான நெடுநல்வாடையில் வரும் "புனையா ஓவியம்" மேல் எனக்கே ஆசை உண்டு. ஆனால் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதை வண்ணமில்லாத கோட்டோவியமாகத்தான் பார்க்கிறார். அதைப் பென்சில் வரைவுக்கு வைத்துக்கொள்வோம்.

என் சொல் "அடியோவியம்". கருஞ்சிறுத்தை வரைந்தபோது தோன்றியது. நம் மலாய் தீபகற்பத்துச் சிறுத்தைகளில் பெரும்பாலானவை கறுப்புதான். ஆனால் அந்தக் கறுப்புக்குள்ளும் புள்ளிகள் இருக்கின்றன. சாய்ந்த வெயிலில் தெரியும், அகச்சிவப்புக் கேமராவில் இன்னும் நன்றாகத் தெரியும். அதனால் புள்ளிகளை அடியோவியத்திலேயே போட்டுவிட்டு, அது காய்ந்ததும் அல்ட்ராமரைன் நீலமும் எரிந்த அம்பரும் கலந்து, ஒளி ஊடுருவும்படி மெல்லிசாக இரண்டு மூன்று தடவை மேலே ஓட்டுகிறேன். எத்தனை தடவை ஓட்டினாலும் புள்ளி உள்ளேயிருந்து எட்டிப்பார்க்கிறது. இதைப் போய்ப் பூச்சு என்று சொல்ல மனம் வரவில்லை.

அப்புறம் முடி. (உரோமம் என்றால் பிள்ளைகள் முழிக்கிறார்கள், மயிர் என்றால் சிரிப்பு அடங்காது, முடியே போதும்.) மூக்குத்தண்டில் குட்டை, கன்னத்தில் நீளம். வளரும் திசையிலேயே தூரிகையை இழுக்க வேண்டும். இருட்டு முடி முதலில், வெளிச்ச முடி பிறகு, மீசை கடைசி.

மேலே ஓட்டும் அந்த மெல்லிய படலத்துக்கு "மெருகு" சரிவருமா?

> மெருகு சரிவருமா?

தம்பி, அடியோவியத்துக்கு என் ஓட்டு. மெருகு வேண்டாம், பளபளப்பு என்று நினைத்து வார்னிஷ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வருவார்கள் உன் பிள்ளைகள். அதைத் தனி இழையில் பேசுவோம்.