வான்கோழி வேட்டைக்கு பைனாகுலர்: 8 மடங்கா, 10 மடங்கா, தேவையே இல்லையா?

புதுவேட்டை (பென்சில்வேனியா)
எல்லோருக்கும் வணக்கம். போன வருடம் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்து லைசென்ஸ் எடுத்தேன், இந்த வசந்தத்தில்தான் முதல் முறையாக வான்கோழிக்குப் போகிறேன். ஷாட்கன், காமோ உடை, பாக்ஸ் கால் (வான்கோழி மாதிரி குரல் எழுப்புகிற பெட்டி) எல்லாம் வாங்கியாயிற்று. பைனாகுலர் மட்டும்தான் முடிவாகவில்லை. கடையில் "10×42 வாங்குங்கள், எல்லோரும் அதைத்தான் வாங்குகிறார்கள்" என்றார்கள் (10 மடங்கு, லென்ஸ் விட்டம் 42 மில்லிமீட்டர்). கூட வேலை பார்ப்பவர் பைனாகுலரே வேண்டாம் என்கிறார். எனக்கு வயது 46, கண்ணாடி போடுகிறேன். போகிற இடம் முழுக்க ஓக் மரக்காடு, மேடும் பள்ளமும். 300 டாலருக்குள் எதை வாங்கலாம்?

ஹில்கன்ட்ரி (டெக்சஸ்)
கடைக்காரர் சொன்னது சரிதான், 10×42. நான் எட்வர்ட்ஸ் பீடபூமிப் பக்கம் ரியோ கிராண்டே இன வான்கோழிக்குப் போகிறவன். காலையில் ஒரு மேட்டில் உட்கார்ந்து எதிர்ச்சரிவைப் பார்த்தால் 500, 600 கஜம் தள்ளி கூட்டம் மேய்வது தெரியும். அதில் எது ஆண், எது பெட்டை, எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, சுற்றி வந்து அவற்றின் வழியில் உட்கார்ந்துகொள்வேன். அந்த தூரத்தில் நெஞ்சில் தொங்குகிற தாடி 10 மடங்கில் தெரிகிறது, 8 மடங்கில் சந்தேகமாகத்தான் இருக்கிறது. ஒரே பைனாகுலர்தான் வாங்கப் போகிறீர்கள், மானுக்கும் அதுதான், அதனால் 10 வாங்கிவிடுங்கள்.

மரத்தடி (மிசௌரி)
14 வருடமாக ஓசார்க் காட்டில் வான்கோழிக்குப் போகிறேன், கழுத்தில் பைனாகுலர் தொங்கவிட்டது முதல் 3 வருடம்தான். ஷாட்கன் வேட்டை என்றால் 40 கஜத்துக்குள் வந்தால்தான் சுட வேண்டும், அந்த தூரத்தில் தாடியும் தலையின் சிவப்பும் வெறும் கண்ணுக்கே தெரியும். வான்கோழிக்கு மோப்பம் ஒன்றுமில்லை, கண்தான் எல்லாம். நிறம் பிரித்துப் பார்க்கும், தலையைக் கொஞ்சம் திருப்பினால் பின்னாலும் பார்க்கும். அதன் முன்னால் இரண்டு கையையும் முகத்துக்குத் தூக்குவதை விடப் பெரிய தப்பு கிடையாது. 55 கஜம் வரை வந்த ஒரு ஆணை, தாடி எவ்வளவு நீளம் என்று பார்க்கப் பைனாகுலரைத் தூக்கித்தான் இழந்தேன். "பட், பட்" என்று அதன் எச்சரிக்கைக் குரல் இரண்டு முறை, கழுத்து நேராக நிமிர்ந்தது, அவ்வளவுதான், சரிவில் இறங்கி ஓடியே போய்விட்டது. அந்தப் பணத்துக்கு நல்ல ஸ்லேட் கால் (தேய்த்துக் குரல் எழுப்புகிற பலகை) ஒன்று, உட்கார மெத்தை ஒன்று, பயிற்சிக்கு இரண்டு பெட்டி தோட்டா வாங்குங்கள் தம்பி.

விடியல் (பென்சில்வேனியா)
நானும் இதே மாநிலத்துக்காரன்தான், அதனால் இந்த இடத்தை வைத்தே சொல்கிறேன். ஹில்கன்ட்ரி அண்ணா சொல்கிற மாதிரி பார்த்து, சுற்றி வளைத்து, பதுங்கி நெருங்குவது இங்கே வசந்தத்தில் சட்டப்படி கூடாது. உட்கார்ந்து குரல் கொடுத்து வரவழைக்க மட்டும்தான் அனுமதி. தூரமும் கிடையாது. சீசன் தொடங்குகிற மே முதல் வாரத்தையொட்டி இலை பாதிதான் விட்டிருக்கும், 100 கஜம் பார்க்கலாம். மாதக் கடைசியில் இலை அடைத்துவிடும், 40 கஜமே பெரிய விஷயம். இந்தக் காட்டில் 10 மடங்கு எதற்கு?

ஆனால் பைனாகுலரே வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்ள முடியவில்லை மரத்தடி அண்ணா. ஒரு மே மாதம், காலை 6 மணி தாண்டியிருக்கும். விழுந்து கிடந்த ஒரு மரத்துக்கு அப்பால், 70 கஜம் இருக்கும், சிவப்பும் வெள்ளையும் கொஞ்சம் நீலமும் மெதுவாக அசைந்தது, கீழே கருப்பாக உடம்பு மாதிரி ஏதோ. ஐந்து நிமிடம் முன்னால்தான் அந்தப் பக்கமிருந்து பெட்டைக் குரல் கேட்டிருந்தது. துப்பாக்கியை மடியிலேயே விட்டு பைனாகுலரை எடுத்தேன். ஒரு ஆள் நடந்துகொண்டிருக்கிறார், முதுகுப் பையின் வாயிலிருந்து டிகாயின் (பொம்மை வான்கோழியின்) தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஒரு சாண் தள்ளி அவருடைய காது, காதோரத்து நரைமுடி வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது. கை நடுங்கிவிட்டது. வகுப்பில் சொல்லிக் கொடுத்தபடி கையை ஆட்டாமல், வான்கோழிக் குரல் எழுப்பாமல், சத்தமாக "ஹலோ, இங்கே ஆள் இருக்கிறேன்" என்று கத்தினேன். நான் பைனாகுலர் இல்லாமல் காட்டுக்குப் போகாததற்கு இது ஒன்றே போதும்.

மரத்தடி (மிசௌரி)
விடியல், அதைப் படித்ததும் எனக்கும் திக்கென்றது. டிகாயைக் காட்டில் தூக்கிப் போகும்போது ஆரஞ்சுத் துணி போட்டு மூட வேண்டும், அந்த ஆள் செய்யவில்லை. ஆனால் 70 கஜத்தில் அசைகிற நிறத்தைப் பார்த்து யாரும் துப்பாக்கியைத் தூக்கவே கூடாது, பைனாகுலர் இருந்தாலும் இல்லாவிட்டாலும். நான் முழுப் பறவையும், தலையும் தாடியும் சேர்ந்து தெரியாமல் சேஃப்டியைத் தொட மாட்டேன். பைனாகுலர் இருக்கிறதே என்கிற தைரியத்தில் அந்தப் பழக்கம் தளர்ந்துவிடக் கூடாது என்பதுதான் என் பயம்.

விடியல் (பென்சில்வேனியா)
அந்தப் பழக்கத்தில் நமக்குள் கருத்து வேறுபாடே இல்லை அண்ணா. பைனாகுலரைத் தூக்குகிற நேரத்தில்தான் வேறுபடுகிறோம். ஆண் தோகை விரித்து நிற்கும்போது முதுகை நம் பக்கம் திருப்பினால் அதன் தோகையே அதன் பார்வையை மறைக்கும், அந்த இரண்டு நொடி போதும். அல்லது தலை ஒரு அடிமரத்துக்குப் பின்னால் போகிற நேரம். மற்றபடி பைனாகுலரின் வேலையே உட்காருவதற்கு முன்னால்தான். வயல் ஓரத்துக்கு வரும்போது, மேட்டைத் தாண்டுவதற்கு முன்னால், நின்று ஒரு முறை முழுக்கப் பார்த்துவிட்டால், நாமே போய்க் கூட்டத்தைக் கலைப்பது பெரும்பாலும் நடக்காது.

அப்புறம், இளம் ஆணா முதிர்ந்த ஆணா என்பது. ஜேக்காக (இளம் ஆணாக) இருந்தால் விரித்த தோகையில் நடு இறகுகள் மட்டும் நீண்டு துருத்தும், முதிர்ந்த ஆணுக்கு விசிறி மாதிரி ஒரே சீராக இருக்கும். தாடி இருந்தால் ஜேக்கையும் சட்டப்படி சுடலாம், நான் விட்டுவிடுவேன். 90 கஜத்திலேயே ஜேக் என்று தெரிந்தால் ஒரு மணி நேரம் மிச்சம்.

ஹில்கன்ட்ரி (டெக்சஸ்)
சட்டம் அப்படி என்றால் சுற்றி வளைக்கிற பேச்சை விட்டுவிடுகிறேன். ஆனால் மங்கல் வெளிச்சத்தில் 8 தான் நல்லது என்று அடுத்து சொல்வீர்கள், அதற்கு இப்போதே பதில். வெளிச்சம் மட்டும் கணக்கில்லை, உருவம் பெரிதாகத் தெரிவதும் கணக்கு. மடங்கையும் லென்ஸ் விட்டத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 10×42க்கு 20.5, 8×42க்கு 18.3, 8×32க்கு 16. அரை இருட்டில் நுணுக்கம் பார்க்க இந்த எண் பெரிதாக இருப்பது நல்லது.

விடியல் (பென்சில்வேனியா)
அந்தக் கணக்கு ஸ்டாண்டில் வைத்துப் பார்த்தால் சரி, கையில் பிடித்துப் பார்க்கும்போது எனக்கு உதவவில்லை. எங்கள் வேட்டை நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னால் தொடங்குகிறது. மூச்சு வாங்க மேடு ஏறி வந்து நின்று 10 மடங்கில் பார்த்தால் நம் இதயத் துடிப்பே படத்தில் ஆடும். லென்ஸ் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்குள் வருகிற ஒளிவட்டத்தின் அளவு. 8×42 என்றால் 5.25 மில்லிமீட்டர், 10×42 என்றால் 4.2, 8×32 என்றால் 4. இளம் வயதில் கண்ணின் பாவை இருட்டில் 7 மில்லிமீட்டர் வரை விரியும், 50ஐ நெருங்கும்போது ஏறக்குறைய 5தான். கேட்டவருக்கு 46, அதனால் 8×42 அவர் கண்ணுக்கு அளவெடுத்தது போல இருக்கும்.

அகலத்தையும் பாருங்கள். 1000 கஜத்தில் 8 மடங்கு ஏறக்குறைய 400 அடி காட்டும், 10 மடங்கு 330 அடி. 50 கஜத்துக்கு அது 20 அடியும் 16 அடியும். மரங்களுக்கு நடுவே நடக்கிற பறவையைப் பிடிக்க அந்த 4 அடி எவ்வளவு உதவும் என்பது தேடித் தேடித் தொலைத்தவர்களுக்குத் தெரியும்.

கண்ணாடி போடுகிறவர் என்பதால் ஐ ரிலீஃப் (முழு வட்டமும் தெரிய லென்ஸிலிருந்து கண் இருக்கக்கூடிய தூரம்) 16 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பாருங்கள், இல்லாவிட்டால் வட்டத்தின் ஓரம் கருப்பாகிவிடும். அதே மாடலில் 10 மடங்குக்கு இது பெரும்பாலும் குறைந்துவிடும். 300 டாலரை ஒட்டி வோர்டெக்ஸ் டயமண்ட்பேக் ஹெச்டி, நிக்கான் மோனார்க் எம்5 இரண்டும் கிடைக்கும், இரண்டிலும் லென்ஸ் முழுக்கப் பல அடுக்குப் பூச்சு, பிரிஸத்தில் படத்தைத் தெளிவாக்குகிற ஃபேஸ் பூச்சு, நீர் புகாது. வோர்டெக்ஸில் ரசீது இல்லாமலே ஆயுள் வாரண்டி.

மரத்தடி (மிசௌரி)
வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் 42 வேண்டாம் தம்பி, 8×32 வாங்குங்கள். முக்கால் கிலோவை நெஞ்சில் கட்டிக்கொண்டு துப்பாக்கியை முட்டியில் தாங்கி உட்கார்ந்து பாருங்கள், ஷாட்கன் கட்டை தோளில் சேரும்போது பைனாகுலரில் இடிக்கும். 32 என்றால் அரை கிலோதான், சட்டைக்குள் செருகிவிடலாம். ஹார்னஸ் (பைனாகுலரை நெஞ்சில் தாங்குகிற வார்ப்பை) எதை வாங்கினாலும் வெல்க்ரோ மூடி வேண்டாம், காந்த மூடி வாங்குங்கள். விடிகாலை அமைதியில் வெல்க்ரோ பிரிகிற சத்தம் நூறு கஜத்துக்குக் கேட்கும்.

புதுவேட்டை (பென்சில்வேனியா)
எல்லோருக்கும் நன்றி. நேற்று சாயங்காலம் கடைக்குப் போய், பொழுது சாய்கிற நேரம் பார்த்து, மூன்றையும் வாசலுக்கு எடுத்து வந்து பார்த்தேன். வண்டி நிறுத்துமிடத்துக்கு அப்பால் ஒரு மேப்பிள் மரத்தில் காகம் ஒன்று உட்கார்ந்திருந்தது. 10 மடங்கில் கண்ணாடியோடு பார்த்தால் ஓரம் கருப்படித்தது, கையும் ஆடியது. 8×32இல் நன்றாகத் தெரிந்தது, ஆனால் இருட்ட இருட்ட இறகு தனியாகத் தெரியவில்லை. 8×42இல் கடைசி வரை தெரிந்தது. ஹில்கன்ட்ரி அண்ணா மன்னிக்கணும், 8×42 வாங்கிவிட்டேன், காந்த மூடி ஹார்னஸும்தான். மரத்தடி அண்ணா சொன்ன மாதிரி வீட்டில் சுவரில் சாய்ந்து, குண்டு போடாத துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்தேன், இடிக்கத்தான் செய்கிறது. ஹார்னஸை இரண்டு விரல் கீழே இறக்கி, இடது பக்கம் தள்ளிக் கட்டினால் சரியாகிறது.

மரத்தடி (மிசௌரி)
கனமான கோட்டு போட்டுக்கொண்டும் ஒரு முறை தூக்கிப் பாருங்கள் தம்பி. மே மாதம் விடிகாலையிலும் குளிரும், கோட்டு போட்டால் மறுபடியும் இடிக்கும்.